ஒரு மூடியும் விடாமல்

கம்பெனி வாயிற்காவலர் சோதனைக்கூடத்துக்கே வந்து சொன்னார்: “உங்கப்பா வண்டி புளியமரத்துல மோதிடுச்சாம்மா. ஜல்தி கெளம்பு.”

“எந்த வண்டி?” என்று கேட்டாள் தேவகி.

அப்பா பலராமனுக்கு இருந்தது ஒரே வண்டி. அது அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் வாயில் வந்தது அதுதான். ராணிப்பேட்டையில் பஸ் ஏறி, ஆற்காடு தாண்டிய பிறகுதான் சோதனைக்கூடத்து இடுக்கி இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தாள்.

சேவூர் வீட்டு வாசலில் பந்தல் போட ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கியிருந்தது. காசியம்மாள் அழவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்.

“நீ படிச்சவ, சொல்லுடி. வேகமா போயி செத்தாரா, வண்டி கெட்டு செத்தாரா?”

பதில் ஊரிடம் இருந்தது.

பெரணமல்லூரில் ஒரு கல்யாணம். முதல் நாள் மாப்பிள்ளை ஊர்வலத்தை முடித்துவிட்டு, அங்கேயே படுத்திருந்து, காலையில் வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார் பலராமன். ஏரிக்கரை வளைவில் ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஆடு ஓட்டியவள் பார்த்திருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. கடைசியில் சட்டென்று இடப்புறம் ஒடித்து மரத்தில் மோதிவிட்டது. ஓர் ஆட்டின் மேலும் படவில்லை. போலீஸ்காரர்கள் ‘அதிவேகம்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

“அம்பது வயசுக்கு மேல ரேஸு இன்னாத்துக்கு?” என்றது பந்தலில் ஒரு குரல்.

“பெருசு பறக்கும்யா. ஆற்காட்டு ரோட்ல நானே பாத்திருக்கேன். வேகத்துக்குப் பொண்டாட்டி தாலிய குடுத்துட்டுப் போயிட்டான்.”

காசியம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பலராமன் ஜக்கார்டு மெக்கானிக். தறிக்கு மேலே உட்கார்ந்து, ஓட்டை போட்ட அட்டைகளைப் படித்து, எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று சொல்லும் பெட்டி அது. ஆரணியில் எந்த வீட்டில் அது மக்கர் செய்தாலும், பார்டரில் மயிலுக்குக் கழுத்து காணாமல் போனாலும், அவருக்குத்தான் ஆள் வரும். திருப்புளி ஒன்று, குறடு ஒன்று, எண்ணெய்க் குப்பி ஒன்று. சைக்கிளில் போவார், சைக்கிளில் வருவார். அதற்கு மேல் ஆசைப்பட்டவராக யாருக்கும் தெரிந்ததில்லை.

எழுபத்து நான்காம் வருஷம் வீட்டுக் கூரைக்கு ஓடு வாங்க வேலூர் போனார். ஓட்டுக்கடைக்கு அடுத்த வீடு ஒரு வக்கீலுடையது. அந்த வீட்டுக் கொட்டகையில், கோணிகளுக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட மூக்கு வெளியே தெரிந்தது. வக்கீலின் அண்ணன் சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஜாகுவார் கார். இரண்டே பேர் உட்காரலாம். ஆறு சிலிண்டர். மணிக்கு நூற்றிருபது மைல் போகும் என்று கட்டிய வண்டி. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து அந்த மாதிரி வண்டிகளை யாரும் சீந்துவதில்லை.

“இது ஓடி வருஷக் கணக்காச்சுப்பா,” என்றார் வக்கீல். “ஓடினாலும் பெட்ரோலை மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கும். உனக்கு எதுக்கு?”

“ஓடலைன்னுதாங்க கேக்கறேன்,” என்றார் பலராமன்.

லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி ஆரணிவரை வந்தது. அங்கே கயிறு அறுந்தது. சேவூர்வரை இரண்டு மாடுகள் இழுத்தன. தெரு முழுக்க வெளியே வந்து நின்றது.

“இன்னா பலராமா, நூத்திருவது மைலு போவுமாமே? மாடு மூச்சு வாங்குது பாரு!”

காசியம்மாள் வாசற்படியில் முறத்தோடு நின்றாள். வண்டியைப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் ஓடு ஏற்றிய வண்டி ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“கூரைக்கு ஓடு வாங்கியாறேன்னு போன மனுஷன்,” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள், “கூரையே இல்லாத வண்டிய இஸ்துகினு வந்திருக்காரு.”

அந்த மழைக்காலம் முழுக்க வீடு ஒழுகியது. அவள் அவரிடம் பேசவில்லை. பத்து வயசு தேவகிதான் இருவருக்கும் நடுவில் தூது போனாள்.

அந்த வண்டிக்கு உதிரிபாகம் இந்தியாவில் கிடையாது. இல்லாததைப் பலராமன் செய்துகொண்டார். ரேடியேட்டரைப் பாத்திரக்கடை ஆசாரி பற்றவைத்தார். கிளட்ச் தட்டுக்கு லாரிக் கிளட்சின் துணி ஒட்டப்பட்டது. கம்பிச் சக்கரங்களின் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி, ஒலி ஒன்றுபோல் வரும்வரை முறுக்கினார். ஜக்கார்டு ஊசி எழும்பும் வரிசையைக் காதாலேயே கண்டுபிடிக்கிறவருக்கு அது பெரிய வேலை அல்ல. இரண்டு கார்புரேட்டர்களின் தலையிலும் ஒரு சின்னப் பித்தளை மூடி. அதைத் திறந்து மெல்லிய எண்ணெய் கொஞ்சம் விட வேண்டும், இல்லையென்றால் எஞ்சின் திக்கும். ஜக்கார்டு பெட்டிக்கு விடுகிற மெஷின் எண்ணெயே அதற்கும் சரியாக இருந்தது. காசியம்மாள் இதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசவில்லையே தவிர, பார்க்காமல் இல்லை.

பிரேக் மட்டும் அவர் கைக்கு அடங்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த மாணிக்கவேல் அதை எடுத்துக்கொண்டான். பலராமனை அண்ணன் என்று கூப்பிட்டு, கூடப்பிறந்தவனாகவே ஆகிவிட்டவன். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற சிலிண்டரை அவன் கடைந்து, உள்ளே பித்தளை உறை இறக்கி, இங்கே கிடைக்கிற அளவு ரப்பர் கப் பொருந்தும்படி செய்தான்.

“அண்ணே, ஓட வைக்கறது உன் வேல. நிக்க வைக்கறது என் வேல. நீ தப்பு பண்ணா வண்டி நிக்கும். நான் தப்பு பண்ணா நீ நிக்க மாட்ட.”

அதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். தேவகி அருகில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் முதல் தடவை உயிர் பெற்றபோது தெரு நாய்கள் வயல் பக்கம் ஓடிப்போயின. காசியம்மாள் கையிலிருந்த அண்டாவைப் போட்டாள். அன்று அவரிடம் பேசினாள். “ஐயய்யோ, அத்த நிறுத்துங்க!” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வண்டி கல்யாண வண்டி ஆனது. கூரை இல்லாதது குறையாக இருந்தது போய் அதுவே சிறப்பாகிவிட்டது. மாலையும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை உட்கார்ந்தால் ஊர் முழுக்கப் பார்க்கலாம். சேவூர், ஆரணி, வெம்பாக்கம்வரை கூப்பிட்டார்கள். நூற்றிருபது மைல் வண்டி நாயனக்காரருக்குப் பின்னால் நடைவேகத்தில் போனது. நாயனம் நின்று ஊதும் இடத்தில் எல்லாம் பிரேக்; நகரும்போது பாதி கிளட்ச்; மறுபடி பிரேக். ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கும். பலராமன் ஈரக் கோணியைப் போர்த்துவார். “மாப்ளைய விட வண்டிக்குத்தான்டா வேர்க்குது,” என்று பையன்கள் கத்துவார்கள். அந்த வருமானத்தில்தான் கூரைக்கு ஓடு ஏறியது. வண்டிக்கு ஒரு கொட்டகையும் வந்தது. முதலில் ஓடு ஏறியது கொட்டகைக்கு. காசியம்மாள் அதையும் மறக்கவில்லை.

ஊர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அவர் பறந்திருக்கிறார். ஒரு தடவை தேவகியை ஏற்றிக்கொண்டு ஆற்காட்டு ரோட்டில் காலை வெயிலில் மிதித்தார். புளியமரங்கள் சேர்ந்து ஒரு சுவராயின. காற்று அவள் ரிப்பனைப் பிடுங்கிக்கொண்டு போனது. கத்த வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பெட்டி ரிப்பேர் செய்யும்போது இருக்கும் அதே முகம், அமைதியாக. “இதுக்குதான் இத்த செஞ்சான், தேவகி,” என்றார். “அப்பப்போ ஒரு வாட்டி காட்டணும். இல்லனா மறந்துடும்.” வீட்டுக்கு வந்து அவள் வாந்தி எடுத்தாள். தரமணிக்குப் போய் ரப்பர் டெக்னாலஜி படித்ததற்கும், ராணிப்பேட்டையில் வண்டிகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் ஆயில் சீல் செய்யும் கம்பெனியில் சேர்ந்ததற்கும் அந்தக் காலைதான் காரணம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இதெல்லாம் போய், எண்பத்தைந்து கார்த்திகையில், மாணிக்கவேல் பட்டறையில் அந்த வண்டி மூக்கு மடங்கிக் கிடந்தது.

அவன் பட்டறையைத் திறக்கவில்லை. மறுநாள் காடாற்றுச் சடங்குக்கு வந்தவனைக் காசியம்மாள் வாசலிலேயே நிறுத்தியிருந்தாள். “நிக்க வைக்கறது உன் வேலைன்னியே தம்பி. நிக்கலியே?” அவன் அப்படியே திரும்பிப் போய்விட்டான். கருமாதிக்கு அவன் வரக் கூடாது என்று சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டாள். வேகம் என்கிற ஊர்ப்பேச்சைவிட மாணிக்கவேலைத் திட்டுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

தேவகி அவன் வீட்டுக்குப் போய்ச் சாவி கேட்டாள்.

“சித்தப்பா, பிரேக்கைப் பிரிச்சிப் பாக்கணும்.”

“நீயே பிரி. எனக்குக் கை வரல.”

ஆனாலும் கூட வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் கியர். இரண்டில் சிக்கியிருந்தது. ஹேண்ட் பிரேக் முழுதும் இழுபட்டிருந்தது. வேகமாகப் போகிறவன் இரண்டாவது கியரில் போக மாட்டான். இது நிறுத்தப் பார்த்த கை. தேவகி கொஞ்ச நேரம் கியர்த் தண்டின் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பிரேக் பெடலை அழுத்தினாள். தடையே இல்லாமல் தரைவரை போனது.

பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே திரவம் தெளிவாக, புதிதாக இருந்தது. சிலிண்டரைக் கழற்றி, உள்ளிருந்த ரப்பர் கப்பை எடுத்தாள்.

உறைக்குள் லேசாக ஓட வேண்டிய கப். அதை அவள் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஊறிய மொச்சை மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் நகம் பதிந்தது. விளிம்பு ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது.

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தினமும் அவள் செய்கிற வேலையே இதுதான்: ரப்பர் துண்டுகளை விதவிதமான எண்ணெயில் போட்டு, இடுக்கியால் எடுத்து, எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அளப்பது.

“இது மெஷின் எண்ணெ குடிச்ச ரப்பர், சித்தப்பா.”

மாணிக்கவேல் எழுந்துவிட்டான். “சத்தியமா இல்ல! பிரேக் ஆயிலத் தவிர வேற எதையும் அதுல காட்டினதில்ல. எனக்குத் தெரியாதா? எண்ணெ பட்டா ரப்பர் பூடும்னு தெரியாமயா பட்டற வச்சிருக்கேன்?”

“தொட்டியில இப்ப எண்ணெ இல்ல. சுத்தமா கீது.”

“அப்ப எப்டி?”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. ரப்பர் குடித்திருக்கிறது, குடித்தது தொட்டியில் இல்லை. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். யாரோ எடுத்திருக்கிறார்கள். நான்கு சக்கரங்களையும் பார்த்தாள். பிரேக் கட்டைகளை யாரோ தளர்த்தி விட்டிருந்தார்கள். உப்பிய கப் பிரேக் ஆயிலைத் திரும்ப விடாது, அதனால் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கும். அதற்காகத் தளர்த்தியது. இந்த வேலையும் தன்னுடையது அல்ல என்றான் மாணிக்கவேல்.

கப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம். காசியம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் சாமியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா குற வச்சேன் நானு? சொல்லு பாக்கலாம். ஆயுத பூஜைக்கு இந்த வூட்ல எந்த மெஷினாச்சும் வாய் காஞ்சி நின்னுதா?”

அது அந்த வீட்டு வழக்கம். ஆயுத பூஜையன்று மஞ்சள் குங்குமம் வைத்த பிறகு, வீட்டுப் பெண் தன் கையால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கரண்டி எண்ணெய் விட வேண்டும். வீட்டிலிருந்த ஜக்கார்டு பெட்டி, தையல் மெஷின், சைக்கிள், அட்டை குத்தும் கருவி என எதற்கு எங்கே எண்ணெய்த் துளையோ, மூடியோ, அங்கே. ஒன்றை விட்டாலும் அந்த வருஷம் அது வீட்டாரிடம் கோபித்துக்கொள்ளும். காருக்கு மட்டும் பலராமன் தானே விட்டுக்கொள்வார்.

“இந்த வாட்டி அவரு வூட்ல இல்ல,” என்றாள் காசியம்மாள். “பூஜ அன்னிக்கும் ஒருத்தன் பெட்டி ரிப்பேருன்னு இட்டுகினு பூட்டான். நல்ல நேரம் போவுதேன்னு நானே பானெட்டத் தூக்கி ஊத்தினேன்டி. அவரு ஊத்தற பித்தள மூடி ரெண்டு. அப்பால, தள்ளி இன்னொரு மூடி இருந்திச்சி. தொறந்தா, பாவம், கொறயாக் கெடந்துது. அதுக்கு நெறயவே ஊத்தினேன். ஒரு மூடியும் வுடல. அப்டி ஊத்தியும் தூக்கினு பூட்டுதே அந்த வண்டி!”

தேவகி கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கையில் கப் மெத்தென்று அழுந்தியது.

“அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“தெரியாம இன்னா? ஐப்பசி முகூர்த்தம் ஒண்ணு முடிச்சிகினு வந்து பானெட்டத் தொறந்தாரு. ‘காசி, இதுலயும் ஊத்தினியா?’ன்னாரு. ‘ஆமா, ஒரு மூடியும் வுடல’ன்னேன். என்னையே பாத்துகினு நின்னாரு. அப்பறம் சிரிச்சாரு. ‘நல்லா ஊத்தின போ’ன்னாரு.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “பத்து வருஷம் திட்டினேன் அந்த வண்டிய. ஒரு நாளு கையால ஊத்தினேன். சந்தோஷப்பட்டாருடி.”

சிரித்திருக்கிறார். பிறகு, அவள் பார்க்காதபோது, எண்ணெயை முழுக்க இறக்கி, குழாய்களைக் கழுவி, புதிய பிரேக் ஆயில் ஊற்றி, பிடித்துக்கொண்ட கட்டைகளைத் தளர்த்தி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். இரும்பு அப்படித்தான். கழுவினால் சரியாகிவிடும். குடித்ததை ரப்பர் திருப்பித் தராது. அது அவருக்குத் தெரியவில்லை. மாணிக்கவேலுக்குத் தெரியும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அது சிரிப்பாகி ஊர் சுற்றி காசியின் காதுக்கு வரும். அதனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் வந்தாள். ரப்பரைப் பற்றியே படித்த மகள். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவளிடமும் கேட்கவில்லை.

தேவகி எழுந்து போய், கழுவிய பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

மறுநாள் மாணிக்கவேலிடம் சொன்னாள். “அண்ணிக்கு?” என்றான் அவன்.

“தெரியாது.”

“தெரிய வேணாம். என்னையே சொல்லிகினு இருக்கட்டும். எனக்கு உண்ம தெரியும், போதும்.”

“ஒருத்தர் இப்டி வாய மூடிகினு இருந்துதான் செத்தாரு, சித்தப்பா,” என்றாள் தேவகி. “கருமாதிக்கு வாங்க.”

வந்தான். பந்தலுக்கு வெளியே செருப்போடு நின்றான். காசியம்மாள் பார்த்துவிட்டாள்.

“இவன யாரு கூப்ட்டது?”

“நான்தான்.” தேவகி எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள். “அப்பா வேகமா வரல. கியர் ரெண்டுல கீது, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கு. நிறுத்தப் பாத்திருக்காரு. பிரேக்குதான் போச்சி. ஆனா சித்தப்பா வேலைல தப்பு இல்ல.”

“அவர் மேலயும் இல்ல, இவன் மேலயும் இல்ல,” என்றாள் காசியம்மாள். “அப்ப யாரு மேலடி?”

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அம்மாவின் கண்கள் மகளின் வாயையே பார்த்தன. மாணிக்கவேலைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, கழுவிய பாத்திரத்தைக் கழுவும்போது, உண்மை ஒன்று, பொய் ஒன்று என இரண்டு பதில்களைத் தேவகி மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருந்தாள். இப்போது வந்தது மூன்றாவது.

“அப்பா மேலதான். பிரேக்குல கோளாறுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். தானே சரி பண்ணிட்டதா நெனச்சிட்டாரு. சித்தப்பாவக் கேக்கல, என்னையும் கேக்கல. கேட்டிருந்தா ஒரு ரப்பர் மாத்தற வேல. அவ்ளோதான்.”

காசியம்மாளின் தோள்கள் குலுங்கின.

“யாரத்தான் கேட்டான் அந்த ஆளு? ஓடு வாங்கப் போயி வண்டி வாங்கினப்ப கேட்டானா? கொட்டாய்க்கு மொதல்ல ஓடு போட்டப்ப கேட்டானா? யாரக் கேட்டுடி அவன் போனான்?”

செத்த அன்றிலிருந்து வராத அழுகை வந்தது. திட்டிக்கொண்டே அழுதாள். நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு வெளியே பார்த்தாள். “மாணிக்கம், இன்னும் அங்க இன்னா நிக்கற? எலைல வந்து உக்காரு.”

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தேவகி லீவு போட்டு வந்தாள். பெட்டி, தையல் மெஷின், சைக்கிள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. கொட்டகை காலியாக இருந்தது. காசியம்மாள் எண்ணெய்க் கிண்ணமும் கரண்டியுமாக வந்தாள். பெட்டிக்கு முன்னால் நின்று, துளைக்கு மேலே கரண்டியைக் கொண்டுபோய், ஊற்றாமல் நிறுத்தினாள்.

“இதுக்கு ஊத்தலாமா?”

முப்பது வருஷமாக அவள் அதே துளையில் ஊற்றி வருகிறவள். எதற்கு இந்தக் கேள்வி என்று தேவகி கேட்கவில்லை.

“ஊத்தலாம்மா.”

எண்ணெய் இறங்கியது. காசியம்மாள் அடுத்ததற்கு நகர்ந்தாள்.

“இதுக்கு?”

“ஊத்தலாம்.”

“இதுக்கு?”